கோழிக்குப் போட்ட மருந்து... நமக்கு வெச்ச ஆப்பு!

ஹாஸ்டல்ல யாருக்காவது தொண்டை கரகரன்னா போதும்... பக்கத்து ரூம் 'டாக்டர்' ஆஜர்! "மச்சி, போன மாசம் எனக்கு எழுதிக் குடுத்த ஆன்டிபயாடிக் ரெண்டு மிச்சம் இருக்கு. போட்டுட்டுப் படு, சரியாயிடும்!" ரெண்டு மூணு நாள்ல சரியாகவும் செய்யும். ஏன்னா, சளி, ஜலதோஷமெல்லாம் பெரும்பாலும் வைரஸ் வேலை. தானா வந்து தானா போற கெஸ்ட். ஆன்டிபயாடிக் அடிக்கிறது பாக்டீரியாவை மட்டும்தான். ஆக, உடம்பு செஞ்ச வேலைக்கு மாத்திரைக்குப் பேர்!

சரி, தேவையில்லாம ஒரு மருந்தை உபயோகிச்சா அப்படி என்ன நஷ்டம்? கொலிஸ்டின்ங்கிற மருந்தோட கதையைக் கேளுங்க, புரியும்.

ரிட்டயர் ஆகி வந்த ஹீரோ

கொலிஸ்டின், 1950-கள்லயே புழக்கத்துக்கு வந்த மருந்து. கிட்னியையும் நரம்பையும் பதம் பார்க்குதுன்னு 1970-கள்ல ஓரங்கட்டிட்டாங்க. அப்புறம், புதுசா வந்த மருந்துகளுக்கும் அடங்காத பாக்டீரியாக்கள் ஐ.சி.யு-வுக்குள்ள நுழைய ஆரம்பிச்சதும், டாக்டர்கள் வேற வழியில்லாம இந்தப் பழைய ஆளையே திரும்பக் கூப்பிட்டாங்க. மத்த மருந்தெல்லாம் கைவிட்டா மட்டுமே எடுக்க வேண்டிய 'ரிசர்வ்' பட்டியல்லதான் உலக சுகாதார நிறுவனம் இதை வெச்சிருக்கு.

ஐ.சி.யு-வுல இப்படிப் பொத்திப் பொத்தி உபயோகிக்கிற மருந்தை, பண்ணைகள்ல மூட்டை மூட்டையா தீவனத்துல கலந்தாங்க. நோய்க்காக மட்டுமில்லை... பன்றியும் கோழியும் சீக்கிரம் எடை போடணும்னு! சீனாவுல மட்டும் 2015-ல தீவனத்துல கலக்கறதுக்கான கொலிஸ்டின் கலவை 27,000 டன்னுக்கு மேல தயாராச்சு.

தினமும் கொஞ்சூண்டு மருந்து போனா என்ன ஆகும்? வீக்கான பாக்டீரியா சாகும். தாக்குப்பிடிக்கிறது பெருகும். வசதியான சூழல் கிடைச்சா ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டாகும். கால்குலேட்டர்ல 2 பவர் 30 போட்டுப் பாருங்க... பத்தே மணி நேரத்துல ஒண்ணு 107 கோடி!

பிட் பாஸ் பண்ற பாக்டீரியா

2015 நவம்பர்ல சீன விஞ்ஞானிகள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாங்க. கொலிஸ்டினை ஜெயிக்கிற எம்.சி.ஆர்-1ங்கிற ஜீனைக் கண்டுபிடிச்சிருந்தாங்க. கொலிஸ்டின் பிளஸ் சார்ஜ், பாக்டீரியாவோட வெளிச்சுவர் மைனஸ் சார்ஜ். ரெண்டும் ஒட்டினாத்தான் மருந்து சுவரை உடைக்கும். இந்த ஜீன் சுவரோட மைனஸைக் குறைச்சிடும். மருந்துக்கு ஒட்ட இடமில்லை!

அதைவிடப் பெரிய ஷாக், அந்த ஜீன் இருந்த இடம். பிளாஸ்மிட்னு குட்டி வளையம் மாதிரி ஒரு டி.என்.ஏ. எக்ஸாம் ஹால்ல 'பிட்' பாஸ் பண்ற மாதிரி, ஒரு பாக்டீரியா இதைக் காப்பி எடுத்துப் பக்கத்து பாக்டீரியாவுக்குத் தள்ளிவிடும். ஒரே இனமா இருக்கணும்னுகூட அவசியமில்லை. பன்றிக் குடல்ல இருந்த 'பிட்', ஆஸ்பத்திரிக் கிருமி கைக்கும் வரலாம்.

அந்த ஆய்வுல 804 விலங்குகள்ல 166-க்கும், 523 பச்சை இறைச்சி சாம்பிள்ல 78-க்கும், 1,322 நோயாளிகள்ல 16 பேருக்கும் இந்த ஜீன் இருந்தது. இத்தனைக்கும் அப்போ சீனாவுல மனுஷங்களுக்குக் கொலிஸ்டின் கொடுக்கறதே இல்லை!

நிறுத்தினா குறையுமா?

குறையும்! 2017-ல சீனா, வளர்ச்சிக்காகத் தீவனத்துல கொலிஸ்டின் கலக்கறதைத் தடை பண்ணுச்சு. பன்றிகள்ல கொலிஸ்டினுக்கு அடங்காத ஈ.கோலை 34 சதவிகிதத்துல இருந்து 2017-18-ல 5.1 சதவிகிதமா இறங்குச்சு. மனுஷங்ககிட்டயும் இந்த ஜீன் குறைஞ்சது.

இந்தியா 2019 ஜூலைல, உணவுக்காக வளர்க்கற கால்நடை, கோழி, மீன் பண்ணைகளுக்கும் தீவனத்துக்கும் கொலிஸ்டின் தயாரிக்கவும் விற்கவும் தடை போட்டுச்சு. நாமக்கல் முட்டைப் பண்ணைக்கும் பல்லடம் பிராய்லர் பண்ணைக்கும் இதே சட்டம்தான்.

அதுக்காக மொத்தப் பழியையும் கோழி தலையில கட்டிட முடியாது. மனுஷங்களுக்கு இஷ்டத்துக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் இதே கதைதான் நடக்கும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால 2019-ல மட்டும் உலகம் பூரா நேரடியா செத்தவங்க சுமார் 12.7 லட்சம் பேர்னு கணக்கு.

நாம என்ன பண்ணலாம்?

* மாத்திரை அட்டையில செங்குத்தா சிவப்புக் கோடு இருந்தா, டாக்டர் சீட்டு இல்லாம வாங்காதீங்க.
* எத்தனை நாள் சாப்பிடணும்கிறதை டாக்டர் சொல்லட்டும். நடுவுல நீங்களா நிறுத்தவும் வேணாம், மிச்சம் வெச்சு ஃப்ரெண்டுக்கு தானம் பண்ணவும் வேணாம்.
* சிக்கனை நல்லா வேக வெச்சா பாக்டீரியா செத்துடும். ஆனா, பச்சைக் கறி வெட்டின கத்தியாலேயே வெங்காயம் வெட்டாதீங்க. கையை சோப்பு போட்டுக் கழுவுங்க.
* வீட்ல ஆடு, மாடு, கோழி இருக்கா? கால்நடை டாக்டர் சொல்லாம எந்த மருந்தும் போட வேணாம்னு அப்பாகிட்ட சொல்லுங்க.

அரியர் விழுந்தா அடுத்த செமஸ்டர்ல க்ளியர் பண்ணிக்கலாம். கடைசி மருந்தும் ஃபெயிலானா... அதுக்கு சப்ளிமென்டரி கிடையாது பாஸ்!