மலாக்கா கரையில் ஏறும் கண்ணாடிக் கம்பி

சென்னையிலுள்ள உறவினரிடம் புலனத்தில் பேசும்போது நம் குரல் எந்த வழியாகப் போகிறது? மாணவர்களிடம் இதைக் கேட்டால் பலர் வானத்தைக் காட்டுகிறார்கள், துணைக்கோளம் என்கிறார்கள். உண்மையில் கண்டம் விட்டுக் கண்டம் போகும் தரவுகளில் 95 விழுக்காட்டுக்கும் மேல் கடலடிக் கம்பிவடங்களில்தான் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று நம் மலாக்காவிலேயே கரையேறுகிறது.

அதன் பெயர் சீ-மீ-வீ 4. தென்கிழக்காசியா, மத்திய கிழக்கு, மேற்கு ஐரோப்பா என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 2005 இறுதியில் பணி முடிந்த இந்த வடம், சிங்கப்பூரில் தொடங்கி மலாக்கா, சென்னை, கொழும்பு, மும்பை எனப் பல ஊர்களைத் தொட்டு, பிரான்சின் மார்சேய் வரை சுமார் 18,800 கிலோமீட்டர் நீள்கிறது. ஆழ்கடலில் அதன் பருமன், செடிகளுக்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் அளவுதான். உள்ளே தலைமுடி போன்ற கண்ணாடி இழைகள். அவற்றில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. மலாக்காவிலிருந்து சென்னையைத் தொட, விநாடியை நூறாகப் பிரித்தால் இரண்டு பங்குகூட ஆகாது. நம் தாத்தா பாட்டிமார் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கப் பல நாள் ஆனது.

கடலடிக் கம்பி புதிதல்ல. 1871-க்குள்ளாகவே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கம்பி போட்டுவிட்டார்கள். உப்புநீர் உள்ளே புகாமல் அக்காலக் கம்பிகளைக் காத்தது ‘கெத்தா பெர்ச்சா’ என்ற மரப்பால். அது மலாயாக் காடுகளில் கிடைத்தது. ரப்பரைப் போலச் சீவி எடுக்கவில்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். உலகத்தை இணைத்த கதையில் இந்தப் பகுதியை யாரும் அதிகம் சொல்வதில்லை.

இன்றைய வடத்துக்குப் பெரிய எதிரி கப்பல்தான். மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது, நெரிசல் மிக்கது. மேலே கொள்கலன் கப்பல்கள், அடியில் கம்பிகள். இழுபடும் நங்கூரமோ மீன்பிடி வலையோ பட்டால் போதும், கம்பி அறுந்துவிடும். 2008 ஜனவரி 30-ஆம் நாள் எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே சீ-மீ-வீ 4-உம் இன்னொரு வடமும் அறுந்தன. இந்தியாவிலும் வளைகுடா நாடுகளிலும் இணையம் தள்ளாடியது.

ஆனால் என்னை உறுத்துவது கடல் அல்ல, கரைக்கு இந்தப் பக்கம். மெர்லிமாவ் அருகே செம்பனைகளுக்கு நடுவே ஒரு தோட்டத்தில் என் அத்தை குடும்பம் இருக்கிறது. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது, அத்தை மகள் கணக்குப் பாடத்தைப் பதிவிறக்க மோட்டாரில் பெரிய சாலை வரை வருவாள். பத்து இருபது வீட்டுக்காகக் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்பார்கள். 18,800 கிலோமீட்டர் கட்டுப்படியானது. அந்தக் கடைசி மூன்று கிலோமீட்டர்தான் கட்டுப்படியாகவில்லை. அவள் இப்போது தொலைத்தொடர்புப் பொறியியல் படிக்கிறாள்.