குறிஞ்சி நிலத்து நெடுநடை

பழந்தமிழர் ஓர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். அவற்றுள் கூதிர் காலத்தையும் முன்பனிக் காலத்தையும் குறிஞ்சி நிலத்துக்கு உரியனவாக்கினர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. இப்பகுப்பு எத்துணைப் பொருத்தமானது என்பதை இலங்கையின் மத்திய மலைநாட்டில் வாழ்வோர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கூதிரின் மழை ஓய்ந்து, வானம் வெளுத்து, தேயிலைச் செடிகளின்மீது வெண்பனி படரும் தை மாதத்து விடியலை அவர்கள் ஆண்டுதோறும் காண்கின்றனர்.

குளிர்காலம் வந்துற்றால் கதவை அடைத்து அடுப்பங்கரையில் ஒடுங்குவது ஒரு வழி. குளிரையே துணையாகக் கொண்டு வெளியே புறப்படுவது மற்றொரு வழி. வட ஐரோப்பிய மக்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தனர். நோர்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளில் பல மாதங்கள் நிலம் முழுவதும் வெண்பனியால் மூடுண்டு கிடக்கும். கால் புதையும் அப்பனியில் நடத்தல் அரிது. ஆகவே, நீண்டு மெலிந்த பலகைகளைக் காலணியோடு பிணைத்து, கோல் ஊன்றி, வழுக்கிச் செல்லும் முறையை அம்மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கண்டறிந்தனர். உடலின் பாரம் பலகையின் நீளம் முழுவதும் பரவுவதால் கால் பனியில் புதைவதில்லை. வேட்டைக்கும் விறகுக்கும் அயலூர்ப் பயணத்துக்கும் உதவிய இக்கருவியே பிற்காலத்தில் விளையாட்டுக்கும் உரியதாயிற்று. மலைச்சரிவில் விரைந்து இறங்கும் பனிச்சறுக்கு வேறு. மேடு பள்ளம் கடந்து காடும் வெளியுமாக நெடுந்தொலைவு செல்லும் இந்நெடுஞ்சறுக்கு வேறு. முன்னதற்குத் துணிவு தலையாயது; பின்னதற்கு மூச்சும் பொறுமையும் தலையாயவை.

சுவீடன் நாட்டில் 'வாசாலோப்பெற்' என்னும் பெயரால் 90 கிலோமீற்றர் தூரச் சறுக்கோட்டம் ஒன்று 1922ஆம் ஆண்டில் தொடங்கியது. அதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்னர், குஸ்தாவ் வாசா என்பவர் பகைவர்க்குத் தப்பிப் பனிவெளியிற் சென்ற பயணத்தின் நினைவாக அது நடத்தப்பெறுகின்றது. உயிர் காக்க ஓடிய வழியே பிற்காலத்தார் உவந்து ஓடும் வழியாயிற்று. ஆயினும் அவ்வுவகை எல்லார்க்கும் ஒருங்கே கிட்டியதன்று. 1923ஆம் ஆண்டில் மார்கிற் நோர்டின் என்னும் பெண்மணி அத்தொலைவைக் கடந்து முடித்தார். அடுத்த ஆண்டிலேயே பெண்கள் அவ்வோட்டத்திற் கலந்துகொள்ளல் தடை செய்யப்பட்டது. அத்தடை 1981ஆம் ஆண்டில்தான் நீங்கியது. ஒரு பாதை திறந்திருத்தல் வேறு, அது யாவர்க்கும் திறந்திருத்தல் வேறு என்பதற்கு இஃது ஒரு சான்று.

இலங்கையில் அத்தகைய பனிப்பொழிவு இல்லை. ஆனால் குளிரும் நெடும்பாதையும் உண்டு. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்தது. நூறு மீற்றர் ஏறுந்தோறும் வெப்பம் அரைப் பாகைக்குச் சற்று மிகையாகக் குறைவதால், கொழும்பில் வியர்வை சிந்தும் வேளையில் நுவரெலியாவில் கம்பளி தேவைப்படுகின்றது. தை, மாசி மாதங்களில் முகிலற்ற இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து விரைவிற் குளிர்கின்றது. குளிர்ந்த காற்று கனமுடையது. ஆதலின் அது நீர்போல் வழிந்து பள்ளங்களில் தேங்குகின்றது. அங்குள்ள ஈரம் புல்நுனியில் உறைந்து வெண்பொடியாகின்றது. மேட்டிலுள்ள செடி பிழைக்கப் பள்ளத்திலுள்ள கொழுந்து கருகுவது இக்காரணத்தால்தான். பார்ப்போர்க்கு அழகாகிய அவ்வெண்மை, கொழுந்து பறிப்போரின் வருவாயைக் குறைக்கும் கேடாகவும் அமைதல் உண்டு.

இனிப் பாதைகளைக் கருதுவோம். மலைநாட்டின் பாதைகள் உல்லாசத்துக்காக வெட்டப்பட்டவை அல்ல. ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் தேயிலை மலைகளெங்கும் பரவிற்று. புகையிரதம் 1884ஆம் ஆண்டில் அட்டனையும் 1885ஆம் ஆண்டில் நானுஓயாவையும் அடைந்தது. லயத்திலிருந்து பிரட்டுக்களத்துக்கும், பிரட்டுக்களத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும், அங்கிருந்து தொழிற்சாலைக்கும் வழிகள் அமைந்தன. கான் ஓரமாகச் செல்லும் ஒற்றையடிப் பாதையும், சரிவை நேராக வெட்டியேறும் குறுக்குப் பாதையும் தொழிலாளரின் காலடிகளால் உண்டானவை. இடுப்பில் படங்கும் முதுகில் கூடையுமாகப் பெண்கள் நாள்தோறும் அவற்றில் ஏறி இறங்குகின்றனர். பனியையும் பள்ளத்தையும் அவர்கள் அறிந்த அளவு வேறெவரும் அறிந்திலர்.

எனினும், உழைப்பின் பொருட்டன்றி உள்ளத்தின் நிறைவின் பொருட்டு நடக்கும் வழக்கமும் மலைநாட்டில் தொன்றுதொட்டு உண்டு. மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரையிலான சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமே அதற்குச் சான்று. 2,243 மீற்றர் உயரமுள்ள அம்மலைக்கு அட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைந்து, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளை இரவிலே ஏறுவோர் பல்லாயிரவர். பௌத்தரும் இந்துக்களும் இஸ்லாமியரும் கிறித்தவரும் அங்குச் செல்கின்றனர். கைக்குழந்தையைத் தோளில் சாய்த்த தாயும் ஊன்றுகோல் பற்றிய முதியவரும் ஒரே படியில் ஏறுவர். முந்துவோர்க்குப் பரிசும் பிந்துவோர்க்கு இகழ்ச்சியும் அங்கில்லை. குளிர்காலத்து நெடுநடையின் இன்பம் முழுவதையும் மலைநாட்டு மக்கள் பக்தியின் பெயரால் ஏற்கெனவே அறிந்துள்ளனர் எனலாம்.

அண்மைக் காலத்தில் இப்பாதைகளுக்குப் புதியதொரு பயன் வாய்த்துள்ளது. கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தானையில் தொடங்கி, லூல்கந்துரை, அட்டன், பொகவந்தலாவை, அப்புத்தளை, எல்ல முதலிய இடங்களின் ஊடாகச் சுற்றி, நுவரெலியாவை அடையும் 'பெக்கோ தடம்' என்னும் நடைபாதை 2023ஆம் ஆண்டளவில் முழுமை பெற்றது. 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அத்தடம் 22 பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. பழைய தோட்டப் பாதைகளே அதன் பெரும்பகுதி. ஒரு நாளில் ஒரு பகுதியை நடந்து முடிக்கலாம். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவைக் கண்டு திரும்பும் ஏறத்தாழ 9 கிலோமீற்றர்ச் சுற்றுப்பாதையும் நடைப்பிரியர்க்கு உகந்தது. 2,100 மீற்றருக்கு மேற்பட்ட அச்சமவெளியில், முகில் எழுமுன் காலையிற் சென்றாலன்றிப் பள்ளத்தாக்கின் காட்சி கிட்டுவது அரிது.

இத்தகைய நடைக்கும் ஓட்டத்துக்கும் சில நெறிகள் உள. நுவரெலியாவின் உயரத்திற் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்களவே. ஆதலால் சமநிலத்திலிருந்து வருவோர் முதல் இரு நாள்கள் மெல்ல நடத்தல் வேண்டும். நடக்கும்போது துணைவரோடு தடையின்றிப் பேச இயலுமாயின் வேகம் அளவானது. வாக்கியம் பாதியில் முறியுமாயின் வேகம் மிகையானது. நெடுஞ்சறுக்கு வீரர்களும் தம் பயிற்சியின் பெரும்பகுதியை இத்தகைய மெதுவான வேகத்திலேயே செய்கின்றனர். இதயமும் நுரையீரலும் நாள்தோறும் சிறிது சிறிதாக வலுப்பெறுவனவேயன்றி ஒரே நாளில் வலுப்பெறுவன அல்ல.

ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஆனால் மறுநாள் தொடை வலிப்பதற்கு இறக்கமே பெரும்பாலும் காரணம். இறங்கும்போது தசைகள் நீண்டவாறே உடலின் பாரத்தைத் தாங்குகின்றன. ஆகவே, குறுகிய அடிகளை வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி இறங்குதல் நன்று. உடையை ஒரே தடிப்பாக அணியாது, மெல்லிய பலவாக அணிதல் வேண்டும். ஏறும்போது ஒன்றைக் களையலாம். நின்றவுடன் அதனை மீண்டும் அணியலாம். வியர்வையில் நனைந்த ஆடையோடு குளிர்காற்றில் நிற்பதே உடலுக்குப் பெருந்தீங்கு. குளிரில் தாகம் தெரியாது. எனினும் உடல் நீரை இழந்துகொண்டே இருக்கும். ஒரு போத்தல் தண்ணீரும் சிறிது உணவும் உடன் இருத்தல் வேண்டும்.

தோட்டத்தில் நடப்போர் அறிய வேண்டிய இடர்களும் உள. குளவிக் கூடுள்ள மரத்தை அணுகலாகாது. குளவி கொட்டித் தொழிலாளர் உயிர் இழந்த நிகழ்ச்சிகள் பல. மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். சிறுத்தை நடமாடும் காட்டோரங்களில் இருள் பிரியுமுன் தனித்துச் செல்லல் தகாது. மருந்து தெளிக்கப்பட்ட மலைக்குள் அன்று புகலாகாது. இவை யாவற்றையும் அவ்வத் தோட்டத்து மக்களைக் கேட்டறிவதே சிறந்த வழி. எந்த வரைபடமும் அவர்களுக்கு ஈடாகாது.

போட்டியை விரும்புவோர்க்குக் குறுக்கோட்டம் உண்டு. சுற்று வெளியில் அன்றிப் புல்லும் சேறும் ஏற்றமும் இறக்கமுமான நிலத்தில் ஓடுவதே அதன் இயல்பு. உலகக் குறுக்கோட்டப் போட்டி 1973ஆம் ஆண்டில் தொடங்கியது. நெடுங்காலம் ஆடவர்க்கு ஒரு தூரமும் மகளிர்க்கு அதனிற் குறைந்த தூரமும் இருந்தன. 2017ஆம் ஆண்டு முதல் இருபாலார்க்கும் 10 கிலோமீற்றர் என்று சமமாக்கப்பட்டது. இவ்விளையாட்டுக்கு விலையுயர்ந்த மைதானமோ கருவியோ வேண்டியதில்லை. தோட்டப் பாடசாலை ஒன்றில் விளையாட்டுத் திடல் இல்லாமற் போகலாம். ஆனால் ஏற்றமும் இறக்கமும் இல்லாமற் போவதில்லை. பாடசாலை வாயிலில் தொடங்கி, கோயிலைச் சுற்றி, மடுவம் வரை சென்று மீளும் ஒரு வழியைச் சுண்ணாம்பினாற் குறித்தாற் போதும். வளைவுதோறும் ஒரு பெரியவரை நிறுத்துதலும், மாணவரின் உடல்நலத்தை முன்னரே அறிதலும், காலை உணவின்றி எவரையும் ஓடவிடாமையும் இன்றியமையாதவை. முதலில் வந்தவரைப் போற்றுவதோடு, சென்ற மாதத்தினும் தம் நேரத்தைக் குறைத்துக்கொண்டவரையும் போற்றினால், மெலிந்த குழந்தையும் மகிழ்வோடு ஓடும்.

இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. மலைநாட்டுப் பாதையில் தொலைநாட்டார் இன்பத்துக்காக நடக்கின்றனர். அப்பாதையை ஆக்கியவர்களின் மக்களோ அதனை உழைப்பின் சுவடாக மட்டுமே காண்கின்றனர். பகலெல்லாம் கூடை சுமந்து ஏறி இறங்கிய ஒரு தாயிடம், மாலையில் உடல்நலத்துக்காக உலாவுமாறு கூறுதல் நகைப்புக்கிடமாகும். அவருக்கு வேண்டுவது ஓய்வும் தக்க ஊதியமுமே. ஆயினும் அவருடைய மகளுக்கு அம்மலை வேறொரு முகத்தையும் காட்டுதல் வேண்டும். நோர்வேயில் நடைப்பயணிகள் சங்கம் 1868ஆம் ஆண்டிலேயே நிறுவப்பெற்றது. பண்படுத்தப்படாத நிலத்தில் எவரும் நடந்து செல்லலாம் என்னும் உரிமையை 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உறுதி செய்தது. அங்கே குடியேறிய இலங்கைத் தமிழரின் பிள்ளைகளும் பள்ளித் தோழரோடு பனிச்சறுக்குப் பழகுகின்றனர். மலை யாருடைய பெயரில் எழுதப்பட்டிருப்பினும், அதன் காற்றும் காட்சியும் அங்கு வாழ்வோர்க்கு முதலில் உரியன என்னும் எண்ணமே அத்தகைய சட்டத்தின் உயிர்.

நடையால் நினைவைப் போற்றும் வழியை மலையக மக்களும் அறிவர். தென்னிந்தியாவிலிருந்து வந்த அவர்தம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். அவ்வருகையின் இருநூறாம் ஆண்டு நிறைவாகிய 2023இல், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தூரம் ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. ஜூலை 28ஆம் திகதி தொடங்கிய அது ஆகஸ்ட் 12ஆம் திகதி நிறைவுற்றது. குஸ்தாவ் வாசாவின் வழியிற் சறுக்குவோர் ஓர் அரசனை நினைக்கின்றனர்; தலைமன்னார் வழியில் நடந்தோர் பெயர் தெரியாத எண்ணற்ற உழைப்பாளரை நினைத்தனர்.

முன்பனிக் காலம் ஆண்டுதோறும் வருகின்றது. பாதைகளும் அங்கேயே உள்ளன. விடுமுறை நாளொன்றில் ஒரு தந்தை தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, கூடையும் கவ்வாத்துக் கத்தியும் இன்றி, மலையுச்சி வரை சென்று, பாட்டன் வெட்டிய பாதை எதுவென்றும் பாட்டி கொழுந்தெடுத்த மலை எதுவென்றும் காட்டித் திரும்புவாராயின், அப்பிள்ளைகள் உடல்நலத்தோடு தம் ஊரின் வரலாற்றையும் பெறுவர். அதற்குச் செலவு ஏதுமில்லை. ஒரு காலைப்பொழுது போதும்.