வாய்ச்சொல் வாரண்டி ஆகாது: கார் வாங்குவோர் அறிய வேண்டிய உரிமைகள்

2009 செப்டம்பர் 25. ஜி.வி.ஆர். இந்தியா பிராஜெக்ட்ஸ் என்ற நிறுவனம் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸ் கார் ஒன்றை வாங்கியது. நான்கே நாளில், செப்டம்பர் 29 அன்று, ஓடிக்கொண்டிருந்த வண்டியில் பெரிய கோளாறு தெரிந்து ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. நவம்பர் 13 அன்று மறுபடியும் அதே போன்ற தொல்லை. மூன்று நாள் கழித்து மோசடி என்று போலீஸில் புகார் பதிவானது. 2012 மார்ச்சில் ஹைதராபாத்தில் இருந்த ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் அந்தக் கிரிமினல் வழக்கை ரத்து செய்துவிட்டு, பழுதான காருக்குப் பதில் புதுக் கார் தரும்படி உத்தரவிட்டது. கம்பெனி தரத் தயாராக இருந்தது. வாங்கிய தரப்பு அதை ஏற்கவில்லை; வட்டியோடு பணத்தைக் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2024 ஜூலை 10 அன்று, 50 லட்சம் ரூபாய் கொடுத்து விவகாரத்தை முடிக்கும்படி கம்பெனிக்கு உத்தரவு வந்தது. காரின் கோளாறு தெரிய நான்கு நாள்; வழக்கு முடியக் கிட்டத்தட்ட பதினைந்து வருடம்.

ஓட்டும் சுகத்துக்குப் பேர்போன கம்பெனியின் கார், பெரிய வாடிக்கையாளர், கையில் வக்கீல்கள். அப்படி இருந்தும் இத்தனை காலம் ஆனது என்றால், மாதத் தவணையில் கார் எடுக்கும் குடும்பம் இன்னும் எவ்வளவு உஷாராக இருக்க வேண்டும்? அட்வான்ஸ் கட்டுமுன் தெரிந்திருக்க வேண்டியவை இவை.

இரண்டு ஆசை, இரண்டு ஆபத்து

கார் எடுக்கப் போகும் வீட்டில் இரண்டு கட்சி இருக்கும். ஒரு கட்சிக்கு டொயோட்டா, மாருதி மாதிரி "கல்லு போல ஓடணும், ரீசேல் நிக்கணும், எந்த ஊர்லயும் பார்ட்ஸ் கிடைக்கணும்." இன்னொரு கட்சிக்கு டர்போ இன்ஜின், விறுவிறு கியர்பாக்ஸ், வளைவில் சாயாத சஸ்பென்ஷன் வேண்டும். இரண்டு ஆசையிலும் தப்பில்லை. ஆனால் இரண்டிலும் ஆபத்து வேறு வேறு இடத்தில் இருக்கிறது.

ஓட்டும் சுகம் தரும் கார்களில் முதல் ஆபத்து, கம்பெனியே நாட்டை விட்டுப் போவது. ஸ்டீயரிங் பிடிப்புக்காக ஃபிகோவையும் ஈகோஸ்போர்ட்டையும் விரும்பி வாங்கியவர்கள் ஏராளம். 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. மறைமலைநகர் ஆலையும் அடுத்த ஆண்டு மூடியது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று கம்பெனி சொன்னாலும், பழைய வண்டியை விற்கப் போனவர்கள் பேரத்தில் அதன் வலியை உணர்ந்தார்கள். 2017 முடிவில் செவர்லே விற்பனை நின்றபோதும் இதே கதைதான்.

இரண்டாவது, நகர நெரிசல். ஹைதராபாத்தில் குகட்பள்ளியிலிருந்து ஹைடெக் சிட்டிக்கு மாலை வேளையில் ஊர்ந்து போகிறவருக்கு, உலர் வகை டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் சூடாகிற தொல்லை வரலாம். ஞாயிறு காலை காலி ரோட்டில் டெஸ்ட் டிரைவ் எடுத்தால் எல்லாக் காரும் ராஜாதான். நெரிசல் நேரத்தில், உங்கள் அன்றாட வழியில், அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, உயிர். நேரு அவுட்டர் ரிங் ரோடு 158 கி.மீ. நீளம், உள் பக்க லேன்களில் மணிக்கு 120 கி.மீ. வரை அனுமதி. அங்கே பழகிய கால் ஊருக்குள்ளும் அப்படியே அழுத்துகிறது. 2019 நவம்பர் 23 அன்று, திறந்து ஒரு மாதம்கூட ஆகாத கச்சிபௌலி பயோடைவர்சிட்டி மேம்பாலத்தில், 40 கி.மீ. வரம்புள்ள வளைவில், சுமார் 100 கி.மீ. வேகத்தில் வந்த ஹாட்ச்பேக் தடுப்பைத் தாண்டிக் கீழே விழுந்தது. கீழே நின்றிருந்த பெண் ஒருவர் இறந்தார். பிக்கப்பைப் பற்றிக் கேட்கும் அதே வாயால் பிரேக்கையும் டயரையும் பாரத் என்கேப் நட்சத்திரத்தையும் கேளுங்கள். 2023 அக்டோபரில் தொடங்கிய இந்த மோதல் சோதனை கட்டாயமல்ல. அதனால் எல்லா மாடலுக்கும் நட்சத்திரம் இருக்காது.

நீடித்து உழைக்கும் கார்களில் ஆபத்து மெதுவாக வரும். "இந்தக் கம்பெனி வண்டிக்கு ஒண்ணும் ஆகாது" என்ற நம்பிக்கையில் சர்வீஸ் தவறும், வாரண்டி அறுந்துபோகும். சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். டெல்லி வட்டாரத்து 10 ஆண்டு டீசல் கட்டுப்பாடு ஹைதராபாத்துக்கு இல்லை. ஆனால் பெட்ரோல் மாறிவிட்டது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில், பழைய கலவைக்காகச் செய்த கார்களுக்கு மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் திட்ட அறிக்கையே கணித்தது. உங்கள் மாடல் எந்தக் கலவைக்கு ஏற்றது என்பதைக் கையேட்டில் பாருங்கள். தெளிவில்லை என்றால் கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதிப் பதிலைச் சேமித்து வையுங்கள்.

எது குறைபாடு, எது ஏமாற்றம்?

நுகர்வோர் ஆணையத்தில் பலரும் தோற்பது இந்த இடத்தில்தான். "நினைச்ச மாதிரி இல்லை" என்பது ஏமாற்றம். சட்டமோ, ஒப்பந்தமோ, விளம்பரமோ உறுதி சொன்ன தரம் இல்லாமல் போவதுதான் குறைபாடு. அதனால் விளம்பரமும் சாட்சி. 2004ல் வாங்கிய மாருதி ஜென் காருக்கு லிட்டருக்கு 16 முதல் 18 கி.மீ. என்று விளம்பரம் சொன்னது. சோதனையில் கிடைத்தது 10 கி.மீ. சொச்சம். வாங்கியவருக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு என்பதைத் தேசிய ஆணையம் 2024 ஜனவரியில் உறுதி செய்தது. ஷோரூமில் சேல்ஸ்மேன் வாயால் சொன்ன மைலேஜுக்கு இந்த மரியாதை கிடைக்காது.

வாரண்டி என்றதும் முழுக் காரையும் மாற்றித் தருவார்கள் என்று நினைக்க வேண்டாம். 2006ல் ஒரு மாருதி வழக்கில், வாரண்டி பழுதான பாகத்தை மாற்றுவதற்குத்தான், காரையே மாற்றுவதற்கு அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டியையே மாற்ற வேண்டுமானால் உற்பத்திக் குறைபாடு நிரூபணமாக வேண்டும். பாதுகாப்பு அம்சம் என்றால் நிலைமை வேறு. 2017 விபத்தில் ஹூண்டாய் கிரெட்டாவின் ஏர்பேக் விரியவில்லை. எந்த வேகத்தில், எவ்வளவு விசையில் அது விரியும் என்று கணக்குப் போட வாங்குபவர் இயற்பியல் நிபுணர் அல்ல என்று கூறி, இழப்பீட்டோடு வண்டியையும் மாற்றித் தரும் உத்தரவை 2022ல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

டீலர் செய்த தவறுக்கெல்லாம் கம்பெனி பொறுப்பேற்காது என்பதையும் கவனியுங்கள். பழைய ஆண்டு மாடலைப் புது மாடல் என்று டீலர் தள்ளிவிட்ட வழக்கில், அது டாடா மோட்டார்ஸுக்குத் தெரிந்திருந்தது என்று காட்ட முடியாததால், அந்தக் கம்பெனி 2021ல் பொறுப்பிலிருந்து விடுபட்டது. டெலிவரிக்கு முன் சேஸிஸ் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் நீங்களே சரிபாருங்கள்.

பழைய காரில் ஒளிந்திருக்கும் தண்ணீர்

2020 அக்டோபர் 13 இரவு பெய்த பேய்மழையில் ஹைதராபாத்தின் எத்தனையோ காலனிகளில் கார்கள் முழுகின. முழுகிய வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போவதில்லை. கழுவி, மெருகேற்றி, வேறு ஊர்ச் சந்தைக்குப் போய்விடுகின்றன. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முன் சீட் பெல்ட்டை அடிவரை இழுங்கள். கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறை இருக்கிறதா? ஸ்டெப்னியைத் தூக்கி அதன் அடியில் விரலால் தடவுங்கள், மண் படிகிறதா? சீட் தண்டவாளத்தின் திருகுகளில் துரு, தரை விரிப்பின் கீழ் ஈர வாடை, ஹெட்லைட்டுக்குள் நீர்த்தடம்: இதில் ஒன்று இருந்தாலும் வண்டியை விட்டுவிடுங்கள்.

உங்கள் காரே தண்ணீரில் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பாதீர்கள். உள்ளே போன நீரோடு இன்ஜினைச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளையும். சாதாரணப் பாலிசி அந்தச் செலவைப் பெரும்பாலும் ஏற்காது. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீடு இதற்காகத்தான் இருக்கிறது.

நீடித்து உழைத்த காரிலும் வயதின் வினை உண்டு. தகாட்டா தயாரித்த பழைய ஏர்பேக்குகளின் வாயு வேதிப்பொருள் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, விரியும்போது உலோகச் சில்லைத் தெறிக்க வைத்தது. ஹோண்டா இந்தியாவிலும் பல கட்டங்களாக வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாக மாற்றிக் கொடுத்தது. மூன்றாவது கையில் இருக்கும் காருக்கு அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்திருக்காது. கம்பெனி இணையதளத்தில் சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பார்ப்பது உங்கள் வேலை. 2021 ஏப்ரல் முதல் ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்புக் குறை குறித்துக் குறிப்பிட்ட அளவு புகார் சேர்ந்தால், திரும்ப அழைக்கும்படி அரசே உத்தரவிடலாம். புகாரைப் பரிவாஹன் தளத்தில் பதியலாம்.

காகிதம் இன்னும் முக்கியம். பாக்கி இ-சலான், வங்கிக் கடன் பதிவு, காப்பீட்டு கிளெய்ம் வரலாறு மூன்றையும் பாருங்கள். விற்பவர் 14 நாளிலும், வாங்குபவர் 30 நாளிலும் பெயர் மாற்றத்தைப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாத வரை விபத்து இழப்பீடு ஆர்.சி.யில் இருப்பவர் தலையில்தான் விழும் என்று 2018ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. தமிழ்நாட்டுப் பதிவெண்ணோடு ஹைதராபாத்தில் குடியேறியவர்கள், 12 மாதத்துக்கு மேல் இங்கே வண்டியை வைத்திருந்தால், ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையின்மைச் சான்றோடு தெலங்கானாவில் மறுபதிவு செய்து, இங்கே வரியும் கட்ட வேண்டும்.

வண்டியை மாற்றி அமைத்தால்

சுகம் போதவில்லை என்று சத்தமான சைலன்சர், இன்ஜின் ரீமேப், அகலமான சக்கரம் என்று இறங்குபவர்கள், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை நினைவில் வைக்க வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. அதைவிடப் பெரிய அடி: கம்பெனி வாரண்டியை மறுக்க இது போதும், காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாத மாற்றம் கிளெய்மையும் கவிழ்க்கும்.

எங்கே போவது?

முதலில் எழுத்து. கோளாறு வரும் ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே புகார் ஏற வேண்டும். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். தேதி, கிலோமீட்டர், வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்த நாள்கள் எல்லாம் பதிவாகட்டும். வீடியோ எடுங்கள். டீலருக்கும் கம்பெனிக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள்.

அடுத்து 1915. தேசிய நுகர்வோர் உதவி எண் இதுதான். பல புகார்கள் இங்கேயே தீரும்.

தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய். சென்னையில் வாங்கிய காருக்கும், நீங்கள் குடியிருக்கும் ஹைதராபாத்திலேயே வழக்குப் போடலாம், இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். உற்பத்திக் குறைபாடு என்று சொல்பவர்கள், வண்டியைத் தகுந்த ஆய்வுக்கு அனுப்பும்படி ஆரம்பத்திலேயே கேளுங்கள். நிபுணர் அறிக்கை இல்லாமல் விழுந்த வழக்குகள் நிறைய. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கும் இந்த வாசல் திறந்திருக்கிறது. சுயதொழிலுக்காக வாங்கிய வண்டி வணிக நோக்கம் ஆகாது.

காப்பீட்டு கிளெய்ம் மறுக்கப்பட்டால் வேறு வழி. முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்துப் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். அவர் அலுவலகம் ஹைதராபாத்திலும் இருக்கிறது. கட்டணம் கிடையாது.

போலீஸ் புகாரைக் கடைசிக்கு வையுங்கள். ஓடோமீட்டரைத் திருப்பியது, போலி ஆவணம் கொடுத்தது போன்றவை மோசடி. அதற்குப் போலீஸ் வேண்டும். வண்டியில் கோளாறு என்பது மட்டும் மோசடி ஆகாது என்பதற்கு அந்த 7 சீரிஸ் வழக்கே சாட்சி. எதிர்த் தரப்பு நியாயமான மாற்றுத் தர முன்வந்தால், வீம்புக்காக மறுக்குமுன் வக்கீலை உட்காரவைத்துக் கணக்குப் போடுங்கள். கார் வருடா வருடம் விலை இறங்கும் பொருள். வழக்குச் செலவு ஏறும்.

எந்தக் காரை எடுப்பது என்பது உங்கள் இஷ்டம். எடுக்கும் காருக்கு மூன்று கேள்வியை மட்டும் டீலரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள்: வாரண்டி எந்தெந்தப் பாகத்துக்கு, எத்தனை கிலோமீட்டர் வரை? கிளட்ச், கியர்பாக்ஸ், டர்போ மாற்ற இன்றைய விலை என்ன? ஹைதராபாத்தில் இந்த மாடலுக்கு எத்தனை சர்வீஸ் மையம்? எழுத்தில் பதில் தரும் டீலரிடம் அட்வான்ஸ் கொடுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்பவரிடம் பணத்தைக் கொடுக்காமல் வெளியே வருவதும் உங்கள் உரிமைதான். அதற்குக் கட்டணமும் இல்லை, காலக்கெடுவும் இல்லை.