பள்ளியில் குழந்தையின் நடத்தைச் சிக்கல்

பள்ளியில் குழந்தையின் நடத்தைச் சிக்கல் என்பது வகுப்பில் அடங்காமை, சண்டையிடுதல், பள்ளிக்கு வர மறுத்தல் போன்ற, கற்றலைப் பாதிக்கும் நடத்தைகளைக் குறிக்கும். செவித்திறன் குறைவு, பார்வைக் குறைபாடு, கற்றல் குறைபாடு, சக மாணவர்களின் துன்புறுத்தல் ஆகியன இதற்குக் காரணமாகலாம். எனவே தண்டிப்பதற்கு முன் பெற்றோரும் ஆசிரியரும் கலந்து பேசிக் காரணத்தை அறிதல் இன்றியமையாதது.

சட்ட நிலை

தமிழ்நாட்டில் உடல் தண்டனையை அனுமதித்த கல்வி விதி 2003இல் மாற்றப்பட்டது. இந்திய அரசின் கல்வி உரிமைச் சட்டம், 2009 பின்வருவனவற்றைக் கூறுகிறது:

* பிரிவு 16: தொடக்கக் கல்வி முடியும்வரை மாணவரைப் பள்ளியிலிருந்து நீக்கலாகாது.
* பிரிவு 17: உடல் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் கூடாது.
* பிரிவு 21: பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருத்தல் வேண்டும்.
* பிரிவு 24: ஆசிரியர் பெற்றோரை முறையாகச் சந்தித்து, மாணவரின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவித்தல் வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டம்

இம்மாவட்டத்தில் கிறித்தவ சபைகள் நடத்தும் பள்ளிகள் பல உள்ளன. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025இல் அத்தீர்ப்பை மறுஆய்வு செய்ய வேண்டுமெனப் பெரிய அமர்வுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஆகவே, பெற்றோர் சட்டத்தைச் சுட்டுமுன் பள்ளியின் வகையை அறிதல் நலம். எவ்வகைப் பள்ளியாயினும் முதலில் வகுப்பாசிரியரையும், அடுத்துத் தலைமையாசிரியரையும் அணுகுதல் பொருத்தமானது. குழந்தை துன்புறுத்தப்பட்டால் 1098 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.