கையெழுத்து மட்டும்தானுங்க என்னோடது

கையெழுத்து நீல மையில் இருக்கிறது. தொகையும் தேதியும் கறுப்பு மையில், வேறு கையால் எழுதியவை. "கையெழுத்து மட்டும்தானுங்க என்னோடது" என்று செக்கின் ஜெராக்ஸை நீட்டுகிறார், திருப்பூரில் நாலு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் நடத்துபவர். வாங்கியது 2 லட்சம், செக்கில் இருப்பது 9 லட்சம் என்கிறார். வட்டியை மாதாமாதம் ரொக்கமாகவே கட்டியிருக்கிறார். ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்கவில்லை.

கெட்ட எண்ணம் இல்லாமல் குற்றம் இல்லை. குற்றத்தை நிரூபிப்பது புகார் சொல்பவர் வேலை. குற்றவியல் சட்டத்தின் பாலபாடம் இது. கொலை வழக்கில் நிற்பவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. செக் ரிட்டர்ன் வழக்கில் நிற்பவருக்கு இல்லை. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 1989 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 138-ஆவது பிரிவில் 2 ஆண்டு வரை சிறை, செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம். 'திரும்பும் என்று நினைக்கவில்லை' என்ற பதிலுக்கு 140-ஆவது பிரிவு இடம் தருவதில்லை. கடனுக்காகத்தான் செக் கொடுக்கப்பட்டது என்று 139-ஆவது பிரிவு முதலிலேயே அனுமானித்துக்கொள்கிறது. இல்லை என்று காட்டவேண்டியது கையெழுத்துப் போட்டவர் பாடு. மனமுவந்து கொடுத்த வெற்று செக்கை அடுத்தவர் நிரப்பினாலும் இந்த அனுமானம் பொருந்தும் என்று 2019-இல் தீர்ப்பும் வந்துவிட்டது.

சரக்கை அனுப்பிவிட்டுப் பணத்துக்கு அலையும் வியாபாரிக்கு இந்தப் பிரிவுதான் துணை என்பார்கள். உண்மைதான். ஆனால் பீரோவில் வெற்று செக்குகளை அடுக்கி வைத்துக் கடன் கொடுப்பவருக்கும் அதே பிரிவுதான் துணை நிற்கிறது. என்னால் பொறுக்க முடியாதது அது.

அனுமானத்தை உடைக்க அசைக்க முடியாத சாட்சி வேண்டியதில்லை. நீங்கள் சொல்வது நடந்திருக்கக்கூடியதுதான் என்று கோர்ட்டுக்குத் தோன்றினால் போதும். அதற்கும் கையில் காகிதம் வேண்டும். வட்டியை வங்கி வழியாகக் கட்டுங்கள். செக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் நம்பரைக் குறித்து, எதற்குக் கொடுத்தது என்று எழுதி வாங்குங்கள்.

நம்மவர் செய்த இன்னொரு தவறு, வக்கீல் நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பியது. அப்படித் திருப்பினாலும் வாங்கியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். தபாலை வாங்குங்கள். அன்றிலிருந்து 15 நாள் கெடு. அதற்குள் தொகையைக் கட்டிவிட்டால் வழக்கே இல்லை. பொய்த் தொகை என்றால் அதற்குள் பதில் நோட்டீஸ் போய்விட வேண்டும்.