மூணு மாசக் கன்றை ஏன் தாய்கிட்ட இருந்து பிரிக்கிறாங்க?

இன்னைக்கு கோட் பத்திப் பேசப் போறதில்லை, மாடு பத்தி. சிரிக்காதீங்க!

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ராத்திரி தூக்கம் வராம ஒரு வீடியோ பார்த்தேன். அமெரிக்காவில் ஒரு பண்ணை. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பசுக்கள், இந்தப் பக்கம் சின்னக் கன்றுகள். எல்லாம் ஒரே கதறல். எனக்குக் கோபம்தான் வந்துச்சு. அது பால் பண்ணைகூட இல்லை, இறைச்சிக்கு மாடு வளர்க்கிற இடம். பாலை யாருக்கும் விக்கப் போறதில்லையே, அப்புறம் எதுக்குப் பால் மறக்கடிக்கணும்?

தேடிப் படிச்சதும்தான் புரிஞ்சது: இது தாய்க்காகச் செய்யுற வேலை.

சாதாரணமா அங்கே கன்று ஆறிலிருந்து எட்டு மாசம் வரை தாயோட மேயும். ஆனா 2011-ல டெக்சஸ்ல வந்த மாதிரி கடும் வறட்சி வந்தா புல் இருக்காது. பால் கொடுக்கிற பசு தன் உடம்புக் கொழுப்பைக் கரைச்சுப் பால் சுரக்கும். மெலிஞ்சுபோன பசு லேசில் பருவத்துக்கு வராது. இங்கே ஒரு சின்னக் கணக்கு. பசுவின் சினைக்காலம் சுமார் 283 நாள். வருஷத்துக்கு ஒரு கன்று வேணும்னா 365-ல மிச்சம் 82 நாள்தான். ஈன்ற அந்த 82 நாளுக்குள்ள மறுபடி சினை பிடிச்சாகணும். பிடிக்கலைன்னா, அடுத்த வருஷம் கன்று தராத ஒரு பசுவுக்குத் தீவனம் போடணும். பல பண்ணைக்காரர்கள் போட மாட்டாங்க. அது இறைச்சிக்கூடத்துக்குப் போயிடும்.

கன்றைப் பிரிச்சா பால் வற்றும், பசுவின் தீவனத் தேவை சட்டுனு குறையும், உடம்பு தேறும். ஆனா இனச்சேர்க்கை சீசன் முடிஞ்சப்புறம் பிரிச்சா, புல்லும் பசுவின் உடம்பும்தான் மிஞ்சும். அந்த வருஷச் சினைக்கு உதவாது.

சரி, கன்று? பிறந்தப்போ அதோட முதல் வயிறு ரொம்பச் சின்னது. குடிக்கிற பால் அதைத் தாண்டி நேரா நாலாவது வயித்துக்குப் போயிடும். தானியம் தின்னத் தின்னத்தான் முதல் வயிறு வளரும். அதனால பிரிக்கிறதுக்கு முன்னாடியே தீவனம் பழக்கிடணும். மூணு மாசக் கன்றைக் காய்ஞ்ச புல்லில் விட்டா தேறாது. புரதம் நிறைஞ்ச தீவனம், வாய்க்கு எட்டுற உயரத்துல தண்ணித் தொட்டி, சளி இருமல் வருதான்னு தினமும் ஒரு கண்ணு, எல்லாம் வேணும். செலவு, வேலை ரெண்டும் அதிகம். அதனால புல் நல்லா இருக்கிற வருஷத்துல பெரும்பாலும் யாரும் இதைச் செய்யறதில்லை.

அந்தக் கம்பி வேலிக்கும் காரணம் இருக்கு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2003-ல ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. ஒரு பகுதிக் கன்றுகளை முழுசாப் பிரிச்சாங்க. இன்னொரு பகுதியை, வேலிக்கு அந்தப் பக்கம் தாய் தெரியுற மாதிரி விட்டாங்க. வேலியோரக் கன்றுகள் கம்மியாக் கத்தின, அதிகமாச் சாப்பிட்டன. பத்து வாரம் கழிச்சும் எடையில அவைதான் முன்னாடி.

நான் கோபப்பட்ட வீடியோல இருந்தது அந்த வேலிதான்.