எட்டாம் தரத்தில் வெளியே வரும் பழைய கடன்

8 + 4 = ☐ + 5. கட்டத்துக்குள் என்ன வரும்? ஏழாம் தரத்தில் படிக்கும் உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். 12 என்று சட்டெனச் சொன்னால் கோபிக்காதீர்கள். 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆறாம் வகுப்பு மாணவர் 145 பேரிடம் இதையே கேட்டார்கள். அத்தனை பேரும் 12 அல்லது 17 என்றார்கள். சரியான விடை 7. அவர்கள் கூட்டத் தெரியாதவர்கள் அல்லர். சமன் அடையாளத்தைக் கண்டால் விடையை எழுத வேண்டும் என்றே பழகியவர்கள். அதன் இரு பக்கமும் ஒரே பெறுமானம் என்பது அவர்கள் மனதில் பதியவே இல்லை. அட்சரகணிதச் சமன்பாடு வந்து நிற்கும்போது அந்தக் குறை வெளியே தெரிகிறது.

பின்னத்திலும் இதே கதைதான். 12/13, 7/8 இரண்டையும் கூட்டினால் விடை எதற்குக் கிட்ட வரும்: 1, 2, 19, 21? 1978இல் அமெரிக்காவின் 13 வயதுப் பிள்ளைகளில் 24 சதவீதத்தினரே 2 என்றார்கள். பாதிக்கு மேற்பட்டோர் 19 அல்லது 21ஐத் தேர்ந்தார்கள். மேலே உள்ளதையோ கீழே உள்ளதையோ கூட்டிவிட்டார்கள். ஒவ்வொரு பின்னமும் ஒன்றுக்குச் சற்றே குறைவு என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. உளவியலாளர் ராபர்ட் சீக்லர் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதன் விலையைக் காட்டியது. பத்து வயதில் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு தெரியும் என்பது, ஐந்தாறு வருடம் கழித்து அட்சரகணிதம் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்கிறது. குடும்ப வருமானத்தையும் புத்திக்கூர்மையையும் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான்.

பத்து வயது என்றால் நமக்குப் புலமைப்பரிசில் பரீட்சை வயது. கண்டி நகரத்துப் பாடசாலையில் இடம் கிடைக்க வேண்டும் என்று பிள்ளைகள் வேகமாக விடை போடப் பழகும் காலம். பின்னம் நிதானமாக ஊற வேண்டியதும் அப்போதுதான். ஆறாம் தரத்தில் வகுப்பாசிரியர் போய்ப் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருகிறார்; பழைய ஓட்டையைத் தேட அவருக்கு நேரமில்லை. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத் தோட்டப் பாடசாலைகளில் இன்னும் மோசம். 1970களில் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஆனாலும் தமிழ்மொழிக் கணித ஆசிரியர் பற்றாக்குறை தீரவில்லை. சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் உயர்தரம் போவதே சிக்கலாகிவிடும் நாட்டில் இது பெரிய அநியாயம்.

இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகளின் வீட்டிலேயே கணிதம் இருக்கிறது. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில், அன்றைக்குப் பறிக்க வேண்டிய அளவைப் பூச்சியமாக வைத்துக்கொள்ளுங்கள். 3 கிலோ கூடினால் +3, 2 கிலோ குறைந்தால் –2. அம்மாவின் பெயரில் 2 கிலோ குறை என்று தவறாகப் பதிந்ததை நீக்கினால் அவர் கணக்கு 2 கிலோ ஏறும். மறையைக் கழித்தால் ஏன் கூடுகிறது என்பதை ஏழாம் தரத்துப் பிள்ளை அங்கே கண்ணால் காணலாம். ‘மறையும் மறையும் நேர்’ என்று மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று தெரிவதில்லை. –3 – 2ஐக்கூட +5 என்று எழுதிவிடும்.

சனிக்கிழமை பஸ் ஏற்றிக் கண்டிக்கு ரியூஷன் அனுப்பும் பெற்றோர் அங்குள்ள ஆசிரியரிடம் ஒன்று கேட்கலாம்: எண்கோட்டில் 2/3 எங்கே, 3/4 எங்கே என்று என் பிள்ளை காட்டுமா? காட்டாவிட்டால் எட்டாம் தரப் பாடத்தை ஒரு மாதம் ஒதுக்கிவைத்துவிட்டு அங்கிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.